எலித்தறி

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டேன். சத்தம் போடுகிறவர்கள் ஒரு காப்பி குடித்ததும் சமாதானமாகிவிடுவார்கள். நான் பாத்திரத்தை மெதுவாக வைப்பேன், கதவை ஓசைப்படாமல் சாத்துவேன், கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் அந்த மரியாதைக்குத்தான் பயந்துகொண்டிருக்கிறார். செல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் என் வீட்டு பியூஸில் கை வைத்திருக்க மாட்டார்.

அவரை நான் பழிவாங்கியதைத்தான் எழுதுகிறேன். அதில் பாதி வேலையைச் செய்தது ஒரு ஹாம்ஸ்டர், கூண்டில் வளர்க்கிற சின்ன எலி ஜாதி. அதற்குப் பழி, பாவம் எதுவும் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும்.

மாடியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். கணவர் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். நான் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் கிளார்க். மகள் அந்த வருடம் பத்தாவது. பள்ளியில் வேலை என்றாலே டீச்சர்தான் என்று தெரு முடிவு செய்துவிட்டதால் எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. திருத்திப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன். கீழே ஓனரும் அவர் மனைவியும். ஒரு காலத்தில் விசைத்தறி வைத்து ஓட்டியவர். பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போனதும் தறிகளை விற்றுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்த வீட்டில் தறி நின்றது, எந்த வீட்டில் நூல் அறுந்தது என்று காதாலேயே சொல்வார். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தத் தெருவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இரவு ஒன்பது மணிக்கு எல்லாத் தறிகளும் நின்றுவிட வேண்டும். விடியும்வரை தார் சுற்றுகிற மிஷின்கூட ஓடக் கூடாது. தார் சுற்றுவது என்றால், தறியில் குறுக்கே ஓடி ஊடுநூல் போடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூலைச் சுற்றி ஏற்றுவது. சிறிய மோட்டார் வைத்த மிஷினில் வீட்டுப் பெண்கள் கூலிக்குச் சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நிம்மதியாகப் படிக்க வேண்டும் என்று தெரு கூடிப் போட்ட கட்டுப்பாடு அது. பிள்ளைகள் படிப்பைக் கெடுக்கிறவர் யாராக இருந்தாலும் தெருமுனைப் பிள்ளையார் கோயில் முன்னால் நின்று தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும், ஒரு மாதம் சாயங்காலம் விளக்குக்கு நல்லெண்ணெய் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். இதையெல்லாம் முன்நின்று கொண்டுவந்தவரே எங்கள் ஓனர்தான். நல்ல காரியம், நான் இல்லையென்று சொல்லவில்லை.

வீடு பார்க்கப் போன அன்று அவர் எங்களுக்கும் சில கட்டுப்பாடுகளைச் சொன்னார். நாய் கூடாது, பூனை கூடாது, கோழி, புறா கூடாது. உள்ளறையில் நாற்காலியை இழுக்கக் கூடாது, ஏனென்றால் அதற்கு நேர் கீழேதான் அவர் கட்டில். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடலாம், அதைப் பற்றி ஒன்றுமில்லை என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கட்டில் இருக்கும் இடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். அப்போது எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, எனக்கு ஞாபகசக்தி அதிகம், அவ்வளவுதான்.

ஹாம்ஸ்டர் வந்தது அரையாண்டு விடுமுறையில். மகளுடைய வகுப்புத் தோழியின் அப்பாவுக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. ரயிலில் கொண்டுபோக முடியாது என்று அந்தப் பெண் அழுதாளாம், இவளும் சேர்ந்து அழுதாளாம், முடிவில் கூண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. தலையணை உறை போட்டு மூடி, துணி மூட்டை மாதிரி மாடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். உறையை நீக்கினால், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மஞ்சள் பழுப்புப் பந்து. வால் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

“ஊரே எலிக்குப் பொறி வைக்குது. ஒம் மக எலிக்கு வீடு வச்சுக் குடுக்குறா” என்றார் கணவர். சொல்லிவிட்டு அவரே போய் அதற்குச் சூரியகாந்தி விதை வாங்கி வந்தார்.

ஓனர் சொன்ன பட்டியலில் ஹாம்ஸ்டர் இல்லை என்பது என் வாதம். இருந்தாலும் சொல்லாமல் வைத்துக்கொள்வதே நல்லது என்று உள்ளறையில், ஒரு பெஞ்சின் மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, கூண்டை வைத்தோம். மகள் முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்பாள். உள்ளறை இருட்டாக இருக்கும். ஹாம்ஸ்டருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அதன் வழக்கத்தை நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பகல் முழுக்க மரத்தூளுக்குள் சுருண்டு தூங்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தூளுக்குள்ளிருந்து முதலில் மூக்கு வரும், அப்புறம் மீசை, அப்புறம் மீதி. முன்னங்கால்களால் முகம் கழுவும். விதைகளைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு, அம்மைக்கட்டு வந்த பிள்ளை மாதிரி முகத்தோடு மூலைக்குப் போய்க் கொட்டிவிட்டு வரும். குடும்ப வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் கூண்டுக்குள் மாட்டியிருந்த ஓட்டச் சக்கரத்தில் ஏறும். ஏறினால் ஓட்டம்தான். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று பார்ப்பதுபோல மூலை மூலையாக மோந்து பார்க்கும். அதே கூண்டு. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஏறிவிடும். அதற்கு ஏமாற்றமே கிடையாது.

வெளிச்சம் பட்டால் மட்டும் நின்றுவிடும். நாம் விளக்கைப் போட்ட நொடியில் ஒரு கால் தூக்கியபடி அப்படியே சிலையாகிவிடும். சக்கரம் மட்டும் அதைத் தாலாட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அணைத்தால், சற்று யோசித்துவிட்டு மீண்டும் தொடங்கும். ஓடும்போது அச்சு கிர்ர்ரென்று தேயும். மகள் அதில் தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பாள். எண்ணெய் காய்ந்த நாட்களில் மறுபடி கிர்ர் கேட்கும். முன்னறையில் இருந்த எங்களுக்கு அது ஒரு சத்தமாகவே தெரியவில்லை. தரை வழியாகக் கீழே எப்படிக் கேட்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஜனவரியில் ஒருநாள், தறிகள் நின்று தெரு அடங்கிய பிறகு, எங்கள் வீட்டில் கரண்ட் போனது. மகளுக்கு மறுநாள் கணக்கு ரிவிஷன் தேர்வு. எட்டிப் பார்த்தேன். தெருவிளக்கு எரிந்தது, கீழ்வீட்டில் டிவி பாடியது. மீட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே, கிரில் கதவுக்குள் இருந்தது. சாவி ஓனரிடம். இறங்கிப் போய்க் கேட்டேன். லைனில் ஏதோ பால்ட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மகள் போனில் இருந்த டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். கொசு பிடுங்கியது. நான் நோட்டுப் புத்தகத்தால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அப்போது சந்தோஷமாக இருந்தது ஒரே ஒரு ஜீவன்தான். வீடு முழுக்க இருட்டு கிடைத்த குஷியில் ஹாம்ஸ்டர் நிற்காமல் ஓடியது. காலையில் கரண்ட் தானாகவே வந்துவிட்டது.

வாரத்தில் இரண்டு மூன்று தடவை இதுவே நடந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டு, கீழே வெளிச்சம். ஒவ்வொரு முறையும் பால்ட்டு என்றார் ஓனர். எலக்ட்ரீஷியனைக் கூட்டி வருகிறேன் என்றதற்கு, வெளியாளை மீட்டர் பெட்டியில் கை வைக்க விட மாட்டேன் என்றார். கணக்கில் மகளுக்கு மார்க் இறங்கியது. விடைத்தாளை என்னிடம் காட்டாமல் பைக்குள்ளேயே வைத்திருந்து, அப்புறம் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுவரை எனக்கு எரிச்சல்தான், கோபம் இல்லை.

கோபம் வந்தது இஸ்திரி வண்டிக்காரர் சொன்னதைக் கேட்டபோதுதான். தெருமுனையில் துணி வாங்கப் போனபோது அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. ராத்திரில தார் மிஷின் ஓட்டுறீங்களாம்ல? கம்பத்துலருந்து கொக்கி போட்டுக் கரண்ட் எடுக்குறீங்கன்னு ஒங்க ஹவுஸ் ஓனர் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. தறிக்காரர் காதுக்குச் சுழல்கிற எந்தச் சத்தமும் மிஷின்தான். தெருவே அடங்கிய நேரத்தில் தன் தலைக்கு மேல் கிர்ர் என்று கேட்டால், அது தார் சுற்றுகிற சத்தம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. தான் போட்ட கட்டுப்பாட்டைத் தன் வீட்டு மாடியிலேயே மீறுகிறார்கள் என்று வெந்திருப்பார். மேலே வந்து கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிரில்லைத் திறந்து பியூஸைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். மிஷின் நிற்கவில்லை. இருட்டில் இன்னும் வேகமாக ஓடியது. அப்படியென்றால் கொக்கி போடுகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். எந்த வீட்டில் நூல் அறுந்தது என்று சொல்கிற அந்தப் பெரிய காதுக்கு, நாலு கால் ஓடுகிற சத்தம் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் விடைத்தாள் ஞாபகம் வந்தது. பாத்ரூம் தண்ணீர்ச் சத்தம் ஞாபகம் வந்தது. பால்ட்டு, பால்ட்டு என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னது ஞாபகம் வந்தது. தெருவில் நான் கரண்ட் திருடி. துணியை வாங்கிக்கொண்டு, வண்டிக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, மெதுவாக வீட்டுக்கு நடந்தேன். கதவை ஓசைப்படாமல் சாத்தினேன். கணவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “என்ன ஆச்சு?” என்றார்.

சொன்னேன். அவர் நல்ல மனிதர், அவருக்கு எல்லாமே எளிது. “கூண்டத் தூக்கிட்டுப் போயி காட்டிட்டு வாரேன். சிரிச்சுட்டுப் போயிருவாரு.”

“அவரு சிரிக்கக் கூடாதுங்க” என்றேன்.

அதற்குள் அடுத்தது வந்தது. ஓனருடைய மனைவி மாடிப்படியில் பாதி ஏறி நின்று, மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார் என்று தகவல் சொன்னார். அந்தம்மாளுக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது, தரையைப் பார்த்தபடி சொன்னார். மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளி நடந்து போகிற தூரம். தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது மூட்டை கட்டி, எங்கேயோ வீடு தேடி, பஸ் மாறி மாறி அந்தப் பெண் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். இதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. தேர்வு முடிகிறவரை இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன், நகரும்போது அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கக் கூடாது என்று தீர்மானித்தேன்.

அந்த அம்மாளிடம் மரியாதையாகச் சொன்னேன். “ஐயா சொன்னாச் சரிதாம்மா. ஆனா தெருவக் கூட்டி, கோயில் முன்னால வச்சே சொல்லிரச் சொல்லுங்க. தப்பு எம்மேலன்னா மறுநாளே போயிர்றோம்.”

ஓனருக்கு இது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தறிகள் லீவு, எல்லோரும் இருப்பார்கள் என்று பதில் வந்தது.

அந்த வாரம் நான் செய்தது இரண்டே வேலை. போர்வையை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டு, கூண்டைப் பெஞ்சிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன், கட்டிலுக்கு நேர் மேலே. பிறகு ஒரு துணியால் அச்சில் இருந்த தேங்காயெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தேன். ஹாம்ஸ்டர் தூக்கத்தில் புரண்டு படுத்தது. அன்று அது ஓடத் தொடங்கியதும் நான் உள்ளறை இருட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். கிர்ர்ர்ரென்று தரையே அதிர்ந்தது. கீழே கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர்பார்த்தபடி முன்னறை விளக்கு அணைந்தது. சார்ஜ் விளக்கு ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன், மகளிடம் கொடுத்தேன். ஹாம்ஸ்டர் வேகம் பிடித்தது. ஓடு ராசா, ஓடு என்று வாய்விட்டே சொன்னேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மகள் சார்ஜ் விளக்கோடு வந்து அறை வாசலில் நின்றாள். வெளிச்சம் பட்டதும் சத்தம் நின்றது. “எண்ணெய் போட்டேனேம்மா” என்றாள். காய்ந்திருக்கும் என்றேன். அவள் என்னையும் பெஞ்சையும் பார்த்துவிட்டுப் படிக்கப் போனாள். அவளுக்கும் என் ஞாபகசக்தி கொஞ்சம் உண்டு.

ஞாயிறு காலை ஆராதனைக்குப் போனேன். எல்லோரும் சேர்ந்து சொல்கிற ஜெபத்தில், பிறரை மன்னிப்பது பற்றிய வரி வரும்போது வாயை மூடிக்கொண்டேன். ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாது பாருங்கள். அடுத்த வரியிலிருந்து சேர்ந்துகொண்டேன்.

சாயங்காலம் கோயில் முன்னால் தெரு கூடியது. தெருச் சங்கத் தலைவராக இருந்த மளிகைக் கடைக்காரர் நடுவில் உட்கார்ந்தார். பெண்கள் ஒருபக்கம் நின்றார்கள். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் மாதிரி நின்றார். ஓனர் வெள்ளை வேட்டியில் வந்து, முதலில் கட்டுப்பாட்டின் அருமையைச் சொன்னார். பிள்ளைகள் படிப்புதான் இந்தத் தெருவின் சொத்து என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, படித்தவர்கள், பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்கள், இவர்களே ராத்திரியில் மிஷின் ஓட்டினால் என்ன நியாயம் என்று கேட்டார். நன்றாகவே பேசினார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, அந்த ஒரு வாரமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“எங்க வீட்ல வாரத்துல பாதி நாளு கரண்டே இல்லண்ணே. லைன்ல பால்ட்டுன்னு ஐயாவே சொல்லிருக்காரு. கரண்ட் இல்லாம மிஷின் எப்படி ஓடும்?”

ஓனர் துள்ளி எழுந்தார். அவர் காத்திருந்த இடம் அதுதான். “அதத்தாண்ணே சொல்ல வாரேன். பால்ட்டெல்லாம் ஒண்ணுமில்ல. பியூஸ நாந்தேன் புடுங்குறேன். புடுங்கிக் கையில வச்சுக்கிட்டுக் கேக்குறேன், அப்பவும் மேல ஓடுது. இன்னும் வேகமா ஓடுது. கொக்கி போடாம எப்படி ஓடும், சொல்லுங்க.”

கொக்கியைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை என்பது அவருக்கு உடனே புரியவில்லை. கையை நீட்டியபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எதிர்வீட்டம்மாள். அவர் மகனும் பத்தாவதுதான்.

“அந்தப் புள்ள பரிச்சைக்குப் படிக்கிற நேரத்துலயா பியூஸப் புடுங்குனீக?”

அவ்வளவுதான். கை மெல்ல இறங்கியது. அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஓனர் தலைவரிடம் திரும்பி, மேலே வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள், மிஷின் அங்கேதான் இருக்கும் என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை. நான் வீட்டுச் சாவியை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தேன்.

அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. எங்கள் மாடிப்படி குறுகல். தலைவர் முன்னால், அவருக்குப் பின்னால் பாதித் தெரு. வாசலில் எல்லோரையும் நிறுத்தி, சத்தம் போடாமல் கேளுங்கள் என்றேன். இருட்டுக்குள்ளிருந்து கிர்ர்ர் என்று தெளிவாக வந்தது. தார் மிஷினேதான் என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். மகள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

சத்தம் நின்றது. கூண்டுக்குள், ஆடிக்கொண்டிருந்த சக்கரத்தில், கன்னம் நிறைய விதையோடு ஹாம்ஸ்டர் ஒரு காலைத் தூக்கியபடி எங்களைப் பார்த்தது. மளிகைக் கடைக்காரர் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் குனிந்தார்.

“எலிம்மா இது” என்றார்.

மகள் விளக்கை அணைத்தாள். கொஞ்சம் பொறுத்து, கிர்ர்ர். போட்டாள், நின்றது. அணைத்தாள், ஓடியது. அதற்குமேல் அந்த மாடிப்படியில் யாராலும் நிற்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளையார் வாகனத்தின் மேலேயே கேஸ் போட்டுவிட்டாரப்பா என்று ஒருவர் சொன்னார். கொக்கி எங்கே போட்டிருக்கிறது, வாலிலா என்று இன்னொருவர் கேட்டார். நான் கூட்டத்தில் ஓனரைத் தேடினேன். அவர் பாதிப் படியோடு திரும்பிவிட்டிருந்தார். கீழே அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவை அவரும் ஓசைப்படாமல் சாத்தப் பார்த்தார், எனக்குக் கேட்டுவிட்டது.

மாடிக்காரர்கள் தேர்வு முடிகிறவரை இருக்கட்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பிராணி வளர்க்கக் கூடாது என்கிற பேச்சை எடுக்க ஓனருக்கு வாயில்லை. அடுத்தது, கட்டுப்பாடு. பிள்ளைகள் படிப்பைக் கெடுக்கிறவர் யாராக இருந்தாலும் என்றுதானே அவரே எழுதி வைத்திருந்தார்? தலைவர் தயங்கினார். எதிர்வீட்டம்மாள் தயங்கவில்லை. மறுநாளிலிருந்து ஓனர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கினார்.

அந்த மாதத்தை நான் உயிரோடு இருக்கிறவரை மறக்க மாட்டேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வீட்டை விட்டு இறங்குவார். நான் பள்ளியிலிருந்து வந்து, காப்பி போட்டு, டம்ளரோடு பால்கனிக்கு வந்துவிடுவேன். அவர் தலையைத் தூக்க மாட்டார். தெரு முழுக்க நடந்து கோயிலுக்குப் போய், ஊற்றிவிட்டு, திரும்புகிறவரை நின்று பார்ப்பேன். பிள்ளையார் விளக்கு நன்றாக எரிய வேண்டும் என்று அந்த மாதம் என்னைவிட ஆசைப்பட்டவர்கள் இந்துக்களிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

பெயரும் வந்துவிட்டது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, நான் இல்லை. எலித்தறி. எலித்தறிக்காரர் வாரார், எலித்தறிக்காரர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்திருக்கு. மதுரையில் இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அதை உரிக்க முடியாது. அவர் பேரன் பேத்திகளின் கல்யாணப் பத்திரிகையைத் தெருவில் கொடுக்கும்போதும் எலித்தறிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றுதான் சொல்வார்கள்.

ஒருநாள் மகள் என் பக்கத்தில் பால்கனியில் வந்து நின்றாள். கீழே அவர் கிண்ணம் சிந்திவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

“பாவம்மா” என்றாள்.

“நீ போயிப் படி” என்றேன். அவள் போகும்போது உள்ளறையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் திறக்கிற சத்தம் கேட்டது. கூண்டையும் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. என் காரியம் முடிந்திருந்தது.

பியூஸ் அதன்பிறகு ஒருநாளும் போகவில்லை. பொதுத்தேர்வை அவள் நல்லபடியாக எழுதினாள். கணக்குப் பரீட்சை முடித்து வந்தவள் முகத்தைப் பார்த்ததும் நான் இரண்டு மாதத்துக்குப் பிறகு சரியாகச் சாப்பிட்டேன். ஏப்ரலில் கணவரின் கம்பெனிக்குப் பக்கமாக, திருமங்கலம் ரோட்டில் ஒரு வீடு கிடைத்தது. யாரும் சொல்லாமல் நாங்களாகவே காலி செய்தோம்.

சாமான்கள் எல்லாம் வேனில் ஏறிவிட்டன. கடைசியாகக் கூண்டை நான் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினேன், இந்த முறை தலையணை உறை இல்லாமல். மாடிப்படியின் கீழே, கிரில் கதவு ஓரமாக ஓனர் நின்றிருந்தார். அவ்வளவு நாளும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் கூண்டைப் பார்த்தார். பகல் நேரம், மரத்தூள் மேடு மட்டும்தான் தெரிந்தது. சக்கரம் சும்மா நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, தெருவே வந்து பார்த்ததை இவர் மட்டும் பார்க்கவில்லை. எந்தச் சத்தத்தால் அவர் பெயர் போனதோ அது எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

“டீச்சரம்மா” என்றார். “அது ஓடுறத ஒரே ஒருவாட்டி பாத்துக்கிறட்டுமா?”

வேன்காரர் ஹாரன் அடித்தார். கணவர் என்னைப் பார்த்தார், காட்டிவிடேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். கொஞ்ச நேரம் துணியைப் போட்டு மூடினால் போதும், எழுந்து ஓடினாலும் ஓடியிருக்கும். துணி என் தோளிலேயே இருந்தது.

“இருட்டுனாத்தான் ஓடும் ஐயா” என்றேன், மிகுந்த மரியாதையோடு. “பியூஸப் புடுங்கிப் பாருங்க.”

அவர் கிரில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தேன்.